ஆன்டிசென்ஸ் ஆர்என்ஏ: "எதிரிழை"ன்னு வைக்கலாமா?

ஐயா, ஆன்டிசென்ஸ் ஆர்என்ஏவுக்கு தமிழ்ப்பேரா நீங்க சொன்ன "எதிருணர்வு ஆர்என்ஏ" எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. இங்க சென்ஸ்னா உணர்வு இல்லயே, பொருள். புரதம் செய்யறதுக்கான சேதி எந்த இழைல இருக்கோ அது சென்ஸ், அதுக்கு ஜோடியா அமையறது ஆன்டிசென்ஸ். சரி "எதிர்ப்பொருள்"னு வச்சிரலாம்னா அத ஏற்கெனவே ஆன்டிபாடிக்கு எழுதிட்டு இருக்காங்க, படிக்கிற பசங்க குழம்பிருவாங்க.

"அடக்கி ஆர்என்ஏ"ன்னு இன்னொரு யோசனை வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஏன்னா பெரும்பாலும் நடக்கறது அதான், மரபணுவோட சேதிய எடுத்துட்டு போற தூது ஆர்என்ஏல (எம்ஆர்என்ஏ) இது போய் ஒட்டிக்கிட்டா, புரதம் செய்யற ரைபோசோம் உக்கார எடம் மறைஞ்சுரும், இல்லன்னா நொதி வந்து அந்த ஜோடிய நறுக்கிரும், புரதம் வராது. ஆனா எப்பவும் அப்படி இல்லீங்க. ஈ.கோலைங்கற பாக்டீரியால டிஎஸ்ஆர்ஏன்னு ஒரு குட்டி ஆர்என்ஏ இருக்கு. ஆர்பிஓஎஸ் மரபணுவோட தூது ஆர்என்ஏ தன் முன்பகுதிய தானே மடிச்சு வாய மூடிட்டு இருக்கும், டிஎஸ்ஆர்ஏ போய் அந்த மடிப்புல ஒட்டி அத பிரிச்சு விடுது, அப்பறம் தான் புரதம் நல்லா வருது. ஒட்டற வேலை அதே தான், பலன் தலைகீழ். அதனால பலன வச்சு பேர் வைக்கவே கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கறேன், அமைப்ப வச்சு தான் வைக்கணும்.

அமைப்புன்னு பாத்தா, ஆர்என்ஏ இழைல வர்ற நாலு காரங்கள்ல ஏ-க்கு யூ, ஜி-க்கு சி ஜோடி, ரெண்டு இழையும் எதிரெதிர் திசைல ஓடும். நம்ம "எதிர்"ங்கற சொல்லுக்கு பகைன்னு மட்டுமா அர்த்தம்? எதிர் வீடுன்னா முகம் பாத்து நிக்கற வீடு. நேருக்கு நேர் நிக்கறது, திசை மாறி ஓடறது ரெண்டும் அந்த ஒரே சொல்லுல வந்துருது. அதான் எதிரிழை.

"எதிரி"ன்னு காதுல விழுதேன்னு ஒருத்தர் கேட்டது நியாயம் தான், எதிர்-இழைன்னு பிரிச்சு எழுதிக்கலாம். "நிரப்பு இழை"ன்னு வைக்கலாமேன்னா, "நிரப்பு" வேண்டாம்னு சொல்லல, நிரப்புக்கோணம் மாதிரி அது பொதுப்பண்பு, ஒண்ணுக்கொண்ணு ஜோடி சேர்றத சொல்ற காம்ப்ளிமென்டரிக்கே இருக்கட்டும். சென்ஸ் இழைக்கு "செய்தியிழை" எப்படி?

வாக்கியத்துல போட்டு பாத்தேன்: "மிக்எஃப் என்னும் எதிரிழை ஆர்என்ஏ, ஓஎம்பிஎஃப் மரபணுவின் தூது ஆர்என்ஏவுடன் இணைந்து அம்மரபணுவுக்குரிய புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது." எங்கயாவது இடறுதா, சொல்லுங்க.