த்ரீ நாட் த்ரீயோடு பழகியவர்கள்

அருவங்காட்டிலிருந்து:

என் அப்பா இங்குள்ள கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1904இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அங்கே தயாரான கார்டைட் என்ற வெடிமருந்து, ‘த்ரீ நாட் த்ரீ’ என்று நாம் சொல்லும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் .303 தோட்டாவுக்குள் போனது ஊருக்கே தெரியும். ஆனால் கார்டைட் அந்தத் துப்பாக்கியின் குழாயையே மாற்ற வைத்தது என்பதை, வெலிங்டனில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர்தான் எனக்கு விளக்கினார். ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர்.

அதற்கு முன்னோடியாக 1888இல் வந்த லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கி கரிமருந்துக்காக உருவானது. கரிமருந்து குழாய்க்குள் கசடு விடும். அது தங்கக் கூடாது என்று குண்டைச் சுழலவைக்கக் குழாயின் உட்புறத்தில் வெட்டும் பள்ளங்களான காடிகளை ஆழமில்லாமல், விளிம்பு மழுங்கலாக வைத்தார்கள். பிறகு கார்டைட் வந்தது. நைட்ரோகிளிசரின், வெடிப்பஞ்சு, சிறிது வாசலின் சேர்த்துப் பிசைந்து, சேமியா போல இழைகளாகப் பிழிந்தெடுத்த மருந்து. புகை மிகக் குறைவு. சூடோ மிக அதிகம். அந்தச் சூட்டில் பழைய காடிகள் சீக்கிரமே தேய்ந்தன. அதனால் 1895இல் ஆழமான, நேர்விளிம்புள்ள ஐந்து காடிகளோடு லீ-என்ஃபீல்டு வந்தது. ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த போல்ட்டும் (குழாயின் பின்வாயை மூடித் திறக்கும் தண்டு) மேகசினும் (தோட்டாப் பெட்டி) பெரிதாக மாறவில்லை.

ஜெர்மானிய மௌசர் துப்பாக்கிதான் சிறந்தது என்பவர்கள் உண்டு. சுடும்போது போல்ட் பின்னால் வராமல் பிடிக்கும் பூட்டுப் பற்கள் அதில் போல்ட்டின் முன்முனையில் இருக்கும், லீயில் பின்பக்கம். உறுதியில் மௌசருக்கே முதலிடம், மறுக்கவில்லை. ஆனால் மௌசரின் போல்ட்டை 90 பாகை திருப்ப வேண்டும், லீயில் 60 போதும். லீயின் மேகசினில் 10 தோட்டா, மௌசரில் 5. 1914க்கு முன்பே பிரிட்டிஷ் காலாட்படை வீரன் 300 கஜ தூரத்து இலக்கில் நிமிடத்துக்கு 15 குண்டு சுடப் பயிற்சி பெற்றான். களத்தில் நிற்பவனுக்கு அந்த வேகம்தான் உயிர்.

ஊட்டியிலிருந்து:

அண்ணா, கல்லூரி என்.சி.சி. அணிவகுப்பில் எங்களுக்குக் கொடுத்தது இதுதான், சுட முடியாதபடி ஆக்கியது. ஏறக்குறைய 4 கிலோ. போல்ட்டைப் பின்னால் இழுப்பது எளிது. முன்னால் தள்ளி மூடும்போது கடைசியில்தான் ஸ்பிரிங் எதிர்க்கும், ஏனென்றால் மூடும்போதுதான் அது சுடத் தயாராகிறது. ஜனவரி உறைபனியில் விரல்கள் மரத்திருக்கும். உள்ளங்கையால்தான் தள்ளுவோம்.

கூடலூரிலிருந்து:

நான் காவல் துறையில் இருந்தவன். தோட்டாக்களை அடுக்குவதில்தான் கவனம் வேண்டும். .303 தோட்டாவின் அடிவிளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போனால் மாட்டிக்கொள்ளும். 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 7.62 மி.மீ. வகையில் இந்தத் தொல்லையே இல்லை; அதன் தோட்டாவில் துருத்தும் விளிம்பு கிடையாது. ஒரு சந்தேகம்: ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் போட எங்களை விட்டதே இல்லை. ஏன்?

அருவங்காட்டிலிருந்து:

ஐயா, பெரியவரிடம் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே அளவு பார்த்துப் பொருத்துவார்கள்; அதனால்தான் இரண்டிலும் ஒரே எண். மாற்றிப் போட்டால் போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவே இடைவெளி கூடலாம். அப்போது சுட்டால் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கே திரும்பும்.