முந்திரிக் கூடை ஏன் காத்துக் கிடந்தது?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து

வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டுப் பெண்கள் சேர்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கிறோம். கழிவு என்றால் எங்களுக்கு ஓடுதான். அதையும் எண்ணெய் எடுப்பவர்கள் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். அதனால் எங்களிடம் வீணாவது எதுவுமில்லை என்றே நம்பியிருந்தேன்.

போன வருடம் எங்கள் மகளிர் குழுவுக்கு மூன்று நாள் லீன் பயிற்சி, அதாவது வேலையில் வீணாவதைக் கண்டுபிடித்துக் குறைக்கும் பயிற்சி, கொடுத்தார்கள். முதல் நாள் முழுக்க டொயோட்டா கதை. அங்கே தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் வீணாவதை 7 வகையாகப் பிரித்தாராம். கார் எங்கே, முந்திரி எங்கே என்று தோன்றியது. இரண்டாம் நாள் பயிற்சி தந்த அம்மா கொட்டகைக்கே வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம்தான் வாயைத் திறந்தார். "இந்தக் கூடை காலையிலிருந்து இங்கேயே இருக்கே, ஏன்?"

அது சூட்டில் காயவைத்து எடுத்த பருப்பு. உடைக்க ஐந்து பேர், தோல் உரிக்க மூன்று பேர் என்று இருந்தோம். உடைத்தது குவியும், உரிப்பது பின்தங்கும். காய்ந்த பருப்பு காத்துக் கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் தோல் லேசில் வராது. கத்தியை அழுத்திச் சுரண்டுவோம், பருப்பு பிளந்துவிடும். ரொம்பக் காய்ந்தாலும் நொறுங்கும் என்பது வேறு. 320 ரகம் என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்க வேண்டும். பிளந்துவிட்டால் அதே பருப்பு உடைசல் விலைக்குத்தான் போகும்.

அன்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து எண்ணினோம். 100க்கு 22 உடைசல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எத்தனை வருட உழைப்பு அப்படிப் போயிருக்கும்!

உடைப்பவர்களில் ஒருவரை உரிக்க மாற்றினோம். ஒரு தடவைக்குக் காயவைக்கும் அளவைப் பாதியாக்கினோம். வேறெதுவும் வாங்கவில்லை. இரண்டு மாதத்தில் உடைசல் 14க்கு இறங்கியது. எங்களில் மூத்த ஆயா, எழுதப் படிக்கத் தெரியாதவர், இப்போது கூடை தேங்கினால் முதலில் குரல் கொடுப்பது அவர்தான்.

கடலூர் முதுநகரிலிருந்து

அக்கா, எங்கள் அம்மா கருவாடு போடுகிறார். முன்பு மணலில்தான் பரப்புவோம். மண் ஒட்டியதை வியாபாரி ஒதுக்கிவிடுவார். பயிற்சிக்குப் போய் வந்த பிறகு மூங்கில் பரண் கட்டி, வலை விரித்து, அதன்மேல் காயவைக்கிறோம். கீழிருந்தும் காற்று போவதால் சீக்கிரம் காய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இன்னும் திண்டாட்டம்தான்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து

மதியச் சாப்பாடு மட்டும் போடும் சின்ன மெஸ் எங்களுடையது. குப்பையை மக்கும், மக்காத என்று பிரிக்கச் சொல்லித்தரத்தான் தெருவில் பயிற்சி வைத்தார்கள். பிரித்த பிறகுதான் மக்கும் வாளியில் என்ன இருக்கிறது என்று முதல் தடவையாகக் கண்ணில் பட்டது. பாதிக்கு மேல் சாம்பாரும் பொரியலும், அதுவும் நாங்கள் கூடுதலாகச் சமைத்தது. உரம் போடலாம் என்றார்கள். போடலாம்தான். ஆனால் காய் வாங்கி, நறுக்கி, கேஸ் எரித்து, கடைசியில் உரமாக்குவதற்கா சமைத்தோம்? இப்போது மீந்ததைத் தினமும் நோட்டில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவு என்று அந்த நோட்டுதான் காட்டியது. அன்றைக்கு இரண்டு படி அரிசி குறைத்துப் போடுகிறோம், யாருக்கும் பற்றாமல் போனதில்லை.

அக்கா, உங்களுக்கு வந்த மாதிரிப் பயிற்சிக்குச் செலவு எவ்வளவு ஆகும்?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து

எங்களுக்குக் குழு மூலம் இலவசமாகவே நடந்தது தம்பி. தனியாகச் செய்ய நினைக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கு மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) லீன் திட்டம் இருக்கிறது, 2023 மார்ச்சில் தொடங்கியது. ஆலோசகர் வந்து வழிகாட்டும் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. உத்யம் பதிவு, அதாவது இப்படிப்பட்ட தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு, வேண்டும். மெஸ்ஸுக்குப் பொருந்துமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். போகும்போது உங்கள் நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.