முழு மராத்தானை முடித்தும் முடிவுப் பட்டியலில் ‘முடிக்கவில்லை’ என்று வருகிறது: சிப் பதிவு ஏன் விடுபட்டது? உதவி தேவை

அடையாறு_அதிகாலை (ஞாயிறு, பகல் 12.10)
அனைவருக்கும் வணக்கம். இன்று காலை சென்னையில் என் முதல் முழு மராத்தானை ஓடி முடித்தேன். பதக்கம் கழுத்தில் இருக்கிறது. ஆனால் இணையத்தில் வெளியான முடிவுப் பட்டியலில் என் பிப் (சட்டையில் குத்தும் ஓட்டக்காரர் எண் அட்டை) எண்ணைத் தேடினால் ‘டிஎன்எஃப்’, அதாவது ஓட்டத்தை முடிக்கவில்லை, என்று காட்டுகிறது. நேரத்தைப் பதிவு செய்யும் சிப் பழுதாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு ஓட விரும்பும் இன்னொரு பந்தயத்திற்கு இந்த நேரச் சான்றிதழை இணைத்துத்தான் விண்ணப்பிக்க முடியும். ஆறு மாதப் பயிற்சி வீணாகிவிடுமோ என்று கலக்கமாக இருக்கிறது. யாரிடம், எப்படி முறையிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

மேட்_தன்னார்வலர் (பகல் 12.31)
முதல் மராத்தானுக்கு வாழ்த்துகள். நான் சில பந்தயங்களில் டைமிங் மேட் (சிப்பைப் படித்து நேரத்தைப் பதியும், சாலையில் விரித்த பாய்) அருகே தன்னார்வலராக நின்றிருக்கிறேன். நீங்கள் தந்துள்ள விவரங்களை மட்டும் வைத்து எதுவும் சொல்ல இயலாது. எந்தெந்த மேட்டில் உங்கள் நேரம் பதிவாகியிருக்கிறது, எதில் விடுபட்டிருக்கிறது? பிப்பை எங்கே குத்தியிருந்தீர்கள்? அதை மடித்தீர்களா? பேசர் (குறித்த நேரத்தில் முடிக்கும்படி சீராக ஓடி வழிகாட்டுபவர்) யாருடனாவது சேர்ந்து ஓடினீர்களா? கையில் ஜிபிஎஸ் கடிகாரம் இருந்ததா? இவற்றுக்கு முதலில் பதில் எழுதுங்கள்.

ஈசிஆர்_நீளோட்டம் (பகல் 12.48)
விவரம் கேட்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. பிப்பின் பின்புறம் ஒட்டப்படும் காகிதச் சிப்தான் இத்தனைக்கும் காரணம். 1996-இல் பாஸ்டன் மராத்தானின் நூறாவது ஓட்டத்தில் பயன்படுத்திய சிப்பைக் காலணிக் கயிற்றில் கட்டிக்கொள்வார்கள். அது 134.2 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசையில் இயங்கியது; கால் மேட்டின்மீது படும்போது சிப்பும் மேட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். ஓட்டம் முடிந்ததும் அதைக் கழற்றித் திருப்பித் தர வேண்டியிருந்ததால், ஒருமுறை பயன்படுத்தி எறியக்கூடிய பிப் சிப் பரவலாகிவிட்டது. செலவைக் குறைத்ததன் விலையை ஓட்டக்காரர்கள் கொடுக்கிறோம்.

மூத்த_ஓட்டக்காரர் (பகல் 1.15)
ஒவ்வொரு பந்தயம் முடிந்த பிறகும் இதே கேள்வி வருகிறது, ஒவ்வொரு முறையும் நானே பதில் எழுதுகிறேன். பந்தயக் கையேட்டைப் படித்துவிட்டு ஓட வந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. இடைநிலை மேட்டுகள் வெறும் அலங்காரத்திற்காக வைக்கப்படுவதில்லை. 1980 ஏப்ரல் 21 அன்று பாஸ்டனில் ரோஸி ரூயிஸ் என்பவர் 2 மணி 31 நிமிடம் 56 நொடியில் பெண்களில் முதலாவதாக எல்லைக்கோட்டைத் தொட்டார். வழியில் இருந்த கண்காணிப்பாளர்கள் எவரும் அவரைக் கண்டிருக்கவில்லை. கடைசிப் பகுதியில் மட்டும் சாலைக்குள் நுழைந்தவர் என்பது தெரிந்து, சில நாள்களில் பட்டம் ஜாக்குலின் காரோவுக்குப் போனது. இடையில் இரண்டு மேட்டுகளைத் தொடாத ஒருவரை அமைப்பாளர்கள் சந்தேகிப்பது அவர்களுடைய கடமை. புதியவர்கள் முதலில் பந்தய ஒழுங்கைக் கற்றுக்கொள்ளட்டும், நேரச் சான்றிதழைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

மேட்_தன்னார்வலர் (பகல் 1.22)
ஐயா, இரண்டு மேட்டுகள் விடுபட்டதாக அவர் இன்னும் எழுதவே இல்லை. அவர் பதில் வரட்டும்.

அடையாறு_அதிகாலை (பிற்பகல் 2.05)
மன்னியுங்கள், உறங்கிவிட்டேன். தொடக்கக் கோட்டிலும் 10 கி.மீ. மேட்டிலும் (1:03:20) எல்லைக்கோட்டிலும் பதிவு இருக்கிறது. 21.1 கி.மீ., 30 கி.மீ. ஆகிய இரண்டிலும் இல்லை. தொடக்கக் கோட்டிலிருந்து கணக்கிட்டால் என் நேரம் 4:28:51. பிப்பைப் பனியனின் முன்புறம் நெஞ்சின்மீது நான்கு மூலைகளிலும் ஊக்கு குத்தி அணிந்திருந்தேன், மடிக்கவில்லை. பெரும்பாலான தூரம் 4:30 பேசரின் கூட்டத்தோடுதான் ஓடினேன். கடிகாரம் 42.87 கி.மீ. காட்டுகிறது, ஆகவே ஓட வேண்டிய 42.195 கி.மீ.யைவிடக் கூடுதலாகவே ஓடியிருக்கிறேன். நான் குறுக்கு வழியில் வரவில்லை.

அலைவரிசை (பிற்பகல் 2.40)
மூன்று இடங்களில் பதிவாகியிருப்பதால் சிப் பழுதில்லை என்பது உறுதி. பழுதான சிப் எல்லைக்கோட்டில் திடீரென உயிர் பெறாது. காலணிச் சிப்புதான் சிறந்தது என்ற வாதமும் இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவாது.

பிப் சிப்பில் மின்கலம் கிடையாது. மேட்டில் உள்ள ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையின் ஆற்றலை வாங்கிக்கொண்டு, அந்தச் சிறு ஆற்றலிலேயே அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்கும் இதே வகைதான். இந்தியாவில் இவற்றுக்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை பயன்படுகிறது. இந்த அலைக்குப் பெரும் பகை தண்ணீர். தண்ணீர் அலையை உறிஞ்சுவது மட்டுமன்றி, ஆன்டெனாவை ஒட்டியிருந்தால் அதன் சுருதியையும் கலைத்துவிடும். மனித உடலிலும் பெரும்பகுதி தண்ணீரே என்பதால்தான், பல பிப்களில் சிப் உடலோடு ஒட்டிக்கொள்ளாதபடி மெல்லிய நுரைத்துண்டு ஒன்றை இடையில் வைக்கிறார்கள்.

ஆகவே என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 10 கி.மீ.க்குப் பிறகு அந்தப் பிப்பின்மீது என்ன இருந்தது? மழைச்சட்டையா, பெல்ட்டா, கைப்பேசியா?

கடற்கரைச்_சாலை (பிற்பகல் 3.02)
எல்லோரும் சிப்பைப் பற்றியே எழுதுகிறீர்கள், 42.87 என்ற எண் யார் கண்ணிலும் படவில்லையா? என் கடிகாரத்தில் 42.71 வந்தது. பாதையே ஏறத்தாழ அரைக் கி.மீ. நீளமாக இருந்திருக்கிறது. அமைப்பாளர்கள் பாதையைத் தவறாக அளந்துவிட்டு, ஓடியவர்களைச் சந்தேகிக்கிறார்கள்.

பாதை_அளவீடு (பிற்பகல் 3.44)
இதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. மராத்தான் பாதையைக் கடிகாரத்தால் அளப்பதில்லை, மிதிவண்டியால் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற சிறு எண்ணியைப் பொருத்தி, எஃகு நாடாவால் அளந்து குறித்த நேர்சாலையில் முதலில் பலமுறை ஓட்டி, ஒரு கி.மீ.க்கு எத்தனை எண்ணிக்கை என்று கணக்கிட்டுக்கொள்வார்கள். பாதையை அளந்து முடித்ததும் அதே நேர்சாலைக்குத் திரும்பி மறுபடியும் ஓட்டிப் பார்ப்பார்கள். வெயில் ஏற ஏற டயருக்குள் காற்றழுத்தம் மாறி எண்ணிக்கையும் மாறுமல்லவா, அதற்காகத்தான். வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில்தான் மிதிவண்டி செல்லும். அதன்மேல் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 42 மீட்டர், சேர்க்கப்படும். பாதை ஒருபோதும் குறைந்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு: 1981-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட்டோ சலாசர் 2:08:13 நேரத்தில் ஓடி உலக சாதனை என்று கொண்டாடப்பட்ட பாதை, பின்னர் மறுபடி அளக்கப்பட்டபோது ஏறத்தாழ 150 மீட்டர் குறைவாக இருந்தது.

நீங்களோ அந்தக் குறுகிய கோட்டில் ஓடவில்லை. கூட்டத்தில் இடமும் வலமும் விலகினீர்கள், தண்ணீருக்காகச் சாலையோரம் ஒதுங்கினீர்கள், வளைவுகளை வெளிப்புறமாகச் சுற்றினீர்கள். அதோடு உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் செயற்கைக்கோள் சமிக்ஞைகளால் கடிகாரம் உங்களை அங்கும் இங்கும் தாவச் செய்திருக்கும்.

கடற்கரைச்_சாலை (மாலை 4.10)
என்னுடையது எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் புதிய கடிகாரம். கட்டடப் பிரதிபலிப்பை அது பெரும்பாலும் தள்ளிவிடும். பழைய கடிகாரங்களுக்குச் சொல்லும் காரணத்தை இதற்கும் சொல்லாதீர்கள்.

பாதை_அளவீடு (மாலை 4.26)
ஒப்புக்கொள்கிறேன், இரட்டை அலைவரிசை பிழையைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் கடிகாரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நீங்கள் ஓடிய தூரத்தைத்தான் அது சொல்லும், பாதையின் நீளத்தைச் சொல்லாது. உங்கள் இருவருடைய அளவுகளும் ஒன்றுக்கொன்று 160 மீட்டர் வேறுபடுகின்றன. பாதை ஒன்றுதானே?

மூத்த_ஓட்டக்காரர் (மாலை 4.50)
கடிகாரத்தை நம்பி ஓடுகிற தலைமுறையிடம் இதையெல்லாம் விளக்கிப் பயனில்லை. நாங்கள் கி.மீ. பலகையையும் கைக்கடிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓடினோம்.

மேட்_தன்னார்வலர் (மாலை 5.05)
நண்பர்களே, பாதையின் நீளத்தைத் தனி இழையில் பேசலாம். அவர் இன்னும் அலைவரிசை கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

அடையாறு_அதிகாலை (இரவு 7.30)
இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், முக்கியம் என்று தோன்றவில்லை. பனியனுக்கு மேல் ஹைட்ரேஷன் வெஸ்ட் (தண்ணீர் சுமக்கும் மேலங்கி) போட்டிருந்தேன். அதன் முன்பைகளில் அரை லிட்டர் கொள்ளும் மென்பாட்டில்கள் இரண்டு இருந்தன. எண் தெரிகிறதா என்று தொடக்கத்தில் பார்த்தேன். பாட்டில்கள் வெறுமையாகத் தட்டையாக இருந்ததால் ஓரளவு தெரிந்தது. இருட்டில் வெயில் இல்லாத முதல் பகுதியில் எடை வேண்டாம் என்பதற்காகவே வெறும் பாட்டில்களோடு கிளம்பினேன். 12 கி.மீ. அருகில் இருந்த நீர்நிலையத்தில் நிரப்பிக்கொண்டேன், 28-இல் மறுபடியும் நிரப்பினேன். கடைசியில் புகைப்படத்தில் எண் தெரிய வேண்டும் என்று வெஸ்ட்டின் முன்பட்டைகளைக் கழற்றி விலக்கிவிட்டு எல்லைக்கோட்டைக் கடந்தேன்.

அலைவரிசை (இரவு 7.52)
உங்கள் பதிவுப் பட்டியலும் இந்த விவரமும் வரிக்கு வரி பொருந்துகின்றன. பாட்டில்கள் வெறுமையாக இருந்தபோது தொடக்கமும் 10 கி.மீ.யும் பதிவாயின. 12-இல் நிரப்பிய பிறகு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் சிப்பின்மீது அழுந்திக் கிடந்தது, 21.1 விடுபட்டது. 28-இல் நிரப்பி இரண்டு கி.மீ. கடந்ததும் 30 விடுபட்டது. எல்லைக்கோட்டில் வெஸ்ட்டை விலக்கியதும் பதிவாகிவிட்டது. முன்னால் பாட்டில், பின்னால் உடல், நடுவில் சிப் என்று இரண்டு நீர்ச்சுவர்களுக்கு இடையே அதை அடைத்துவிட்டீர்கள். எல்லைக்கோட்டில் பெரும்பாலும் முதன்மை மேட்டோடு மாற்று மேட்டும் வைத்திருப்பார்கள் என்பதால் அங்கே ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடிக்கும். இடைநிலையில் ஒரே மேட்டு இருந்தால் அந்த வாய்ப்பு இல்லை.

அடுத்த முறை பிப்பை எண் பெல்ட்டில் கோத்து இடுப்புக்கு முன்புறம் அணியுங்கள், அல்லது வெஸ்ட்டுக்கு வெளியே குத்துங்கள். ஊக்கைச் சிப்பின் உலோகக் கோடுகளுக்குள் செலுத்த வேண்டாம்.

மூத்த_ஓட்டக்காரர் (இரவு 8.20)
பிப்பை எதுவும் மறைக்கக் கூடாது என்பது கையேட்டில் எழுதப்பட்டிருக்கும். நான் மதியமே சொன்னது அதுதான். இருந்தாலும் இவர் முழுத் தூரத்தையும் ஓடியிருக்கிறார் என்பதை இப்போது நம்புகிறேன். 10 கி.மீ.யை ஒரு கி.மீ.க்கு 6 நிமிடம் 20 நொடி வீதம் ஓடியவர், மீதித் தூரத்தை 6 நிமிடம் 23 நொடி வீதம் முடித்திருக்கிறார். முதல் மராத்தானில் இந்த அளவுக்குச் சீராக ஓடுவது எளிதன்று.

மேட்_தன்னார்வலர் (இரவு 8.41)
அந்தச் சீர் 4:30 பேசருக்கும் உரியது, ஐயா. நாலரை மணி நேரம் தன் விருப்பத்தை ஒதுக்கிவிட்டுப் பிறருடைய நேரத்திற்காக ஓடுகிறவர்கள் அவர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. நேரக் கணக்கீட்டு நிறுவனத்திற்கும் அமைப்பாளர்களுக்கும் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். முடிவுகளைத் திருத்துவதற்குப் பெரும்பாலும் சில நாள்களே அவகாசம் தருவார்கள். பிப் எண், பதிவான மூன்று நேரங்கள், வெஸ்ட் பற்றிய உண்மை ஆகியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். கடிகாரத்தின் மூலக் கோப்பை இணையுங்கள். கடிகாரத் திரையைப் பிடித்த படம் மட்டும் போதாது, ஏனெனில் ஒவ்வொரு நொடியும் எங்கே இருந்தீர்கள் என்பது கோப்பில்தான் இருக்கும். பந்தயப் புகைப்படக்காரர்கள் எடுத்தவற்றில் 10 கி.மீ.க்கும் 40 கி.மீ.க்கும் இடையில் நீங்கள் இருக்கும் படங்களைத் தேடுங்கள். எண் மறைந்திருப்பதால் எண்ணைக் கொண்டு தேடினால் கிடைக்காது. அந்த நேரத்தில் 4:30 பேசர் இருக்கும் படங்களைப் பாருங்கள். 21.1-இல் உங்கள் பக்கத்தில் ஓடியவரின் எண் ஏதேனும் படத்தில் தெரிந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அவருடைய மேட்டு நேரம் உங்களுக்குச் சாட்சியாகும்.

ஈசிஆர்_நீளோட்டம் (இரவு 9.03)
காலணியில் சிப் இருந்திருந்தால் இத்தனை மின்னஞ்சலும் தேவைப்பட்டிருக்காது என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

அலைவரிசை (இரவு 9.15)
இந்த ஒரு நேர்வில் நீங்கள் சொல்வது சரி. தாழ்ந்த அலைவரிசை தண்ணீரை எளிதில் கடக்கும். ஆனால் ஒரே நேரத்தில் பலர் மேட்டைக் கடக்கும்போது நொடிக்கு எத்தனை சிப்களைப் படிக்க முடியும் என்பதில் பிப் சிப் வெகுவாக முன்னே இருக்கிறது.

அடையாறு_அதிகாலை (வியாழன், காலை 6.15)
திருத்திவிட்டார்கள். 23 கி.மீ. அருகே பேசருக்குப் பின்னால் நான் இருக்கும் படமும் கடிகாரக் கோப்பும் போதுமானவையாக இருந்தன. 21.1, 30 ஆகிய கட்டங்கள் வெறுமையாகவே இருக்கின்றன, ஆனால் 4:28:51 என்று சான்றிதழ் வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி. விண்ணப்பத்தின் கடைசி நாள் நாளை, கிளம்புகிறேன்.

கடற்கரைச்_சாலை (வியாழன், காலை 7.02)
மகிழ்ச்சி. பாதையின் நீளம் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். வளைவுகளில் எந்தப் பக்கம் ஓடினோம் என்பதைப் பார்க்க, உங்கள் கடிகாரக் கோப்பையும் அங்கே பகிர முடியுமா?