யாழ்ப்பாணத்துக்கு ஊழியக் குழு: சுற்றுலா விசா போதுமா?

காவேரிப்பட்டணம் வாலிபர்
ஸ்தோத்திரம். ஜனவரியில எங்க சபையிலிருந்து 6 பேர் பத்து நாள் யாழ்ப்பாணம் போறோம். கைப்பிரதி, மூணு சாயங்காலம் மைதானக் கூட்டம், மீள்குடியேறின குடும்பங்களுக்கு உதவி. சுற்றுலா விசா போதுமா? சபை டிரஸ்ட் கணக்கிலிருந்து 2 லட்சம் அனுப்பலாமா?

ஓசூர் கணக்கர்
போதாதுங்க. சுற்றுலா ஈடிஏவுல (இலங்கைக்கு இணையத்துல வாங்கற பயண அனுமதி) போய் மைக் பிடிச்சுப் பிரசங்கம் பண்ணினா திருப்பி அனுப்பிடுவாங்க. அழைச்ச சபைக்கும் தலைவலி. மத ஊழியத்துக்குத் தனி வதிவிட விசா. அங்க இருக்கிற சபைதான் கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தோட பரிந்துரை வாங்கி விண்ணப்பிக்கணும். பத்து நாளுக்கு அது தேவையா, பாருங்க.

பணம்: வருமான வரி வாரியத்தோட முன் அனுமதி இல்லாம டிரஸ்ட் வெளிநாட்டுல செலவு பண்ணினா அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. எல்.ஆர்.எஸ். (ரிசர்வ் வங்கியோட வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) வழி தனிநபருக்கு மட்டும்தான், டிரஸ்ட்டுக்கு இல்ல.

பாலக்கோடு
மைதானக் கூட்டத்தை விட்டுடுங்க தம்பி. மிசூரி லூத்தரன் மிஷனரி நம்ம கிருஷ்ணகிரியில வேலை தொடங்கினதே 1895. யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில அமெரிக்க மிஷன் இறங்கினதோ அதுக்கும் முன்னாடி, 1816. சுவிசேஷம் கேள்விப்படாத ஊருக்கா போறீங்க? தென்னிந்தியத் திருச்சபைக்கே அங்க யாழ்ப்பாண ஆதீனம் (பேராயம்) இருக்கு. உங்க பேராயர் கடிதத்தோட அவங்களைக் கேட்டு, அவங்க சொல்ற வேலையைச் செய்யுங்க. வேதாகமமும் சுமக்க வேண்டாம், இலங்கை வேதாகமச் சங்கம் 1812லிருந்து இருக்கு.

உதவிப் பொருளோட கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அரிசிக்கு மதம் மாத்தறாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பினா, நீங்க திரும்பி வந்துடுவீங்க. உள்ளூர்ப் போதகர்தான் வருஷக்கணக்கா பதில் சொல்லணும். நிவாரணத்தை மதக் கருத்துப் பரப்பப் பயன்படுத்தக் கூடாதுன்னு செஞ்சிலுவையின் 1994 நடத்தை விதியும் சொல்லுது. சாட்சி சொல்லுங்கன்னு யாரையும் எழுப்பி நிறுத்தாதீங்க. போர்ல காணாமல் ஆக்கப்பட்டவரை இன்னமும் தேடுற வீடுகள் அவை.

ஊத்தங்கரை
அங்க செய்யற வேலைன்னா கிணறு தூர்வாரறது. கைவிட்ட கிணத்துல வெடிபொருள் கிடக்கலாம்; கண்ணிவெடி அகற்றினதா உறுதியான காணிக்குள்ள மட்டும் கால் வைங்க. மண்டையோட்டுப் பலகை இருந்தா ஒதுங்கிடணும். சந்தேகப் பொருளைப் பார்த்தா தொடாம, வந்த காலடித் தடத்துலயே திரும்பி போலீஸ் 119க்குச் சொல்லுங்க.

தூர்வாரினதும் குளோரின். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர். 10 அடி விட்டம், 6 அடி தண்ணின்னா ஏறக்குறைய 13,000 லிட்டர், அதாவது 33 கிராம். குழைச்சு, தண்ணி சேர்த்து, தெளிய விட்டு மேல்நீரை மட்டும் வாளியில கிணத்துக்குள்ள இறக்கி ஆட்டணும். அடிச் சுண்ணாம்பையும் ஊத்தினா கடினத்தன்மை கூடும். அங்க ஏற்கனவே சுண்ணாம்புப் பாறை நீர். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் இறைக்கலாம். மூடி திறந்து கிடந்த பவுடர்ல வீரியம் இருக்காது, அளவு சரியா இருந்தும் பலிக்காது.

அதுக்கு முன்னாடி, இங்க பாம்பாறு அணை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்ல இருக்கிறவங்ககிட்ட அந்த ஊர்ப் பேச்சையும் நடப்பையும் கேட்டுக்கங்க. முகாமுக்குள்ள போக வருவாய்த்துறை அனுமதி வேணும்.

காவேரிப்பட்டணம் வாலிபர்
கூட்டத்தை எடுத்துட்டோம் ஐயா. பவுடரை இங்கிருந்தே கொண்டு போகலாமா?

ஊத்தங்கரை
கூடாது, விமானத்துல ஏத்த விடமாட்டாங்க. அங்கேயே வாங்குங்க.