அவசரம்: போட்டு நம்பர்ல எழுத்து சாயுது, எண் மட்டும் நேரா நிக்குது

பாம்பன்_தம்பி:
அண்ணன்மாரே, அவசரம். மீன்பிடி போட்டு (படகு) அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, ஸ்டிக்கர் வெட்டணும். ஓனர் கேட்டது கொண்டி இல்லாத (சான்ஸ் செரிஃப்) எழுத்து, போல்டு, இட்டாலிக். பதிவு நம்பர்ல ஐ.என்.டி., டி.என்., எம்.எம்.ங்கிற ஆங்கில எழுத்தெல்லாம் அழகா சாயுது. நடுவுல 10-ம் பின்னால வர்ற நம்பரும் நேரா நிக்குது. ‘கண்மணி’ங்கிற போட்டுப் பேரும் சாயல. ஃபாண்டு மாத்தினா எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுது. ஜூன் 14-ஓட மீன்பிடித் தடைக்காலம் முடியுது, ரெண்டே நாள்தான் இருக்கு.

கீழக்கரை_கணினி:
தம்பி, எந்த சாஃப்ட்வேர்? என்ன ஃபாண்டு? அதைச் சொல்லாம எங்க தேடுறது?

தேவிபட்டினத்தான்:
இது பாமினி பிரச்சினைதான். பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்டும், இப்ப எல்லாரும் அடிக்கிற யூனிகோடு எழுத்தும் கலந்தா இப்படித்தான் கட்டம் வரும். பாமினியை எடுத்துட்டு கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க.

எழுத்துரு_பழையவர்:
இட்டாலிக் பொத்தானை அமுக்குவது எழுத்துரு ஆகாது. இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? 1957-இல் வந்த யூனிவர்ஸ் எழுத்துருக் குடும்பத்தில் 65 என்றால் போல்டு, 66 என்றால் அதன் சாய்வு. இரண்டும் தனித்தனியாகத் திருத்தி வரைந்தவை. வட்டமான எழுத்தை வெறுமனே சாய்த்தால் மேல் வலதும் கீழ் இடதும் தடிக்கும், எதிர் மூலைகள் இளைக்கும். தடித்த எழுத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். ஹெல்வெட்டிகா எழுத்துருவின் ஆங்கிலச் சிறிய ‘ஏ’ (a) தன் உருவத்தோடு சாய்கிறது. கில் சான்ஸ் இட்டாலிக்கில் அதன் உருவமே மாறிவிடும். இதையெல்லாம் படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

கீழக்கரை_கணினி:
அண்ணே, அவருக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. தம்பி, அந்த எழுத்தை நீங்க டைப் அடிச்சீங்களா, எங்கேருந்தாவது காப்பி பண்ணீங்களா?

பாம்பன்_தம்பி:
ஓனர் வாட்ஸ்அப்ல அனுப்பினது. அப்படியே ஒட்டினேன். சாஃப்ட்வேர் கோரல்டிரா.

கீழக்கரை_கணினி:
அதான் விஷயம். அவர் ‘ஸ்டைல் எழுத்து’ தளம் ஏதாவது ஒண்ணுல மாத்தி அனுப்பியிருப்பார். அது ஃபாண்டே இல்ல. கணிதச் சமன்பாட்டுக்குன்னு 2001-ல யூனிகோடு 3.1-ல சேர்த்த தனி எழுத்துக்கள். அதுல ஆங்கில எழுத்துக்குக் கொண்டி இல்லாத போல்டு இட்டாலிக் வரிசை ஒண்ணு இருக்கு. எண்ணுக்குப் போல்டு உண்டு, சாய்ஞ்சது கிடையாது. அதான் 10 நேரா நிக்குது. தமிழுக்கு அப்படி ஒரு வரிசையே இல்ல, பேர் சாயாததுக்கு அதுதான் காரணம். அந்த எழுத்துக்கள் பெரும்பாலான ஃபாண்டுல இருக்காது, மாத்தினா கட்டம்தான் வரும்.

எல்லாத்தையும் அழிச்சுட்டு கீபோர்டுல புதுசா அடிங்க. ஏரியல் போல்டு இட்டாலிக் வைங்க, எண்ணும் சேர்ந்து சாயும். தமிழுக்கு கட்டமரான் ஃபாண்டோ முக்தா மலர் ஃபாண்டோ எடுங்க. ரெண்டுலயும் இட்டாலிக் கிடையாது. அதனால போல்டு கனத்தையே தேர்ந்தெடுத்து, கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி, கையால 10 டிகிரி சாய்ச்சா போதும். போல்டு பொத்தானை மட்டும் தொடாதீங்க. அது இன்னும் தடிக்க வச்சா ‘ண’வோட சுழி அடைஞ்சிடும்.

எழுத்துரு_பழையவர்:
தமிழைச் சாய்க்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். இட்டாலிக் 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் அச்சகத்தில் புழக்கத்துக்கு வந்தது, அக்கால இத்தாலியக் கையெழுத்திலிருந்து பிறந்தது. நமக்கு அந்த மரபு இல்லை. அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்து போதும்.

தூரிகை_மண்டபம்:
மரபு இல்லன்னு யாருங்க சொன்னது? முப்பது வருஷமா போட்டுக்குப் பேர் எழுதுறேன். சுண்ணாம்பு நூல் அடிச்சு, சாய்ஞ்ச கோடு போட்டு, தட்டைத் தூரிகையில தமிழைச் சாய்ச்சுத்தான் எழுதுறோம். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தியே எங்க வாத்தியார் எழுதினார்.

எழுத்துரு_பழையவர்:
விளம்பரப் பலகை வேறு, எழுத்துரு வடிவமைப்பு வேறு.

தூரிகை_மண்டபம்:
கண்ணுக்கு ரெண்டும் எழுத்துதானே ஐயா. தம்பிக்கு ஒண்ணு சொல்றேன், இதை யாரும் சொல்லல. எழுத்து வழக்கமா வலப்பக்கம்தான் சாயும். போட்டோட வலது பக்கத்தை வெளியேருந்து பாத்தா அணியமும் வலப்பக்கம்தான் இருக்கும், அதனால எழுத்து முன்னால பாயுற மாதிரி தெரியும். இடது பக்கம் அணியம் இடப்பக்கம். அங்க அதே ஸ்டிக்கரை ஒட்டினா பேர் அமரத்தை (பின்பக்கத்தை) பாத்து மல்லாந்து கிடக்கும். கரையில நின்னு ஒரு தடவை பாத்தா விளங்கும். இடது பக்கத்துக்கு நான் நேரா எழுதுவேன், இல்லாட்டி எதிர்ப்பக்கம் சாய்ப்பேன். நம்பரை மட்டும் ரெண்டு பக்கமும் நேராவே வைக்கலாம். தூரத்துல அலையாட்டத்துல படிக்கணும்ல.

இன்னொண்ணு, மரப்பலகையில உப்புத்தண்ணி பட்டா முதல்ல உரியிறது புள்ளிதான், தனித் துண்டா நிக்குதே. ‘ண்’ புள்ளியைப் பெருசா வெட்டுங்க. முடிஞ்சா ஸ்டிக்கரை அச்சா வச்சு பெயின்ட் அடிச்சிடுங்க.

தேவிபட்டினத்தான்:
நான் இன்னும் பாமினின்னுதான் நினைக்கிறேன்.

கீழக்கரை_கணினி:
பாமினின்னா ஆங்கில எழுத்து ஏன் கட்டமாகுது? தமிழ்தானே கெடணும்.

எழுத்துரு_பழையவர்:
எதிர்ப்பக்கம் சாய்ப்பதற்கும் ஐரோப்பாவில் நிலப்பட எழுத்துகளில் முன்னுதாரணம் உண்டு, ஆறுகளின் பெயர்களை அப்படி எழுதுவார்கள். அதை மட்டும் ஏற்கிறேன். தமிழ் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.

பாம்பன்_தம்பி:
டைப் அடிச்சேன், எண்ணும் சாயுது. ரொம்ப நன்றி கீழக்கரை அண்ணே. பேரை போட்டோட வலது பக்கத்துல சாய்ச்சு, இடது பக்கத்துல நேரா வச்சாச்சு. ஆனா தூரிகை அண்ணன் சொன்ன மாதிரி நம்பரை ரெண்டு பக்கமும் நேராவே வச்சுட்டேன். ஓனர் கரையில நின்னு பாத்துட்டு சரின்னார். வண்டி வந்துடுச்சு, போறேன்.

தூரிகை_மண்டபம்:
புள்ளியைப் பெருசா வெட்டினீங்களா தம்பி? பெயின்ட்டா, ஸ்டிக்கரேதானா?