மால்ட்: ‘முளைவற்றல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பீர் காய்ச்சப் பயன்படும் மால்ட்டுக்குத் தமிழில் ‘முளைதானியம்’ என்ற பெயரே போதும் என்று இந்த இழையில் இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் ஒரு கிடங்குக்காகப் பாதுகாப்பு அறிவிப்பைத் தமிழாக்கியபோது நானும் ‘முளைத்த பார்லி’ என்றுதான் எழுதினேன். அதைப் படித்த தஞ்சாவூர்த் தம்பி, “மூட்டையில முளைச்சுப்போனதை ஏண்ணே உள்ள எடுக்கிறாங்க?” என்றார். விவசாய வீட்டுப் பிள்ளைக்கு, மூட்டையில் முளைத்தது என்றால் மழையில் நனைந்து கெட்டது. அவர் கேட்டது நியாயம்.

மால்ட் முளையோடு நிற்பதில்லை. பார்லியை ஊறவைத்து, சில நாள் முளைக்கவிட்டு, பிறகு சூடான காற்றில் உலர்த்தி அந்த வளர்ச்சியை நிறுத்துகிறார்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள்தான் வேண்டியவை. மிதமான சூட்டில் காய்ந்தால் அவை அழிவதில்லை. பின்னர் 65 பாகை செல்சியஸ் அளவு வெந்நீரில் ஊறும்போது மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. உலர்த்துவதைச் சொல்லாத பெயர் பச்சை முளையைத்தான் குறிக்கும்.

அதனால் ‘முளைவற்றல்’ என்று முன்மொழிகிறேன். மிளகாய் வற்றல், சுண்டைக்காய் வற்றல் என்று வீட்டில் புழங்கும் சொல். கெட்டதல்ல, காயவைத்துப் பத்திரப்படுத்தியது என்று கேட்டதுமே விளங்கும். பார்லி முளைவற்றல், கோதுமை முளைவற்றல் என்று சேர்த்துக்கொள்ளலாம். வற்றல் வெயிலில் காய்வதாயிற்றே என்பீர்கள். மிளகாயை இயந்திரத்தில் உலர்த்தினாலும் வற்றல் என்றுதானே விற்கிறோம்? இங்கே கோப்பிக்கடையில் குடிக்கும் மைலோவிலும் பார்லி மால்ட் இருக்கிறது. மதுவைத் தொடாதவர்க்கும் இந்தச் சொல் தேவை.

பெரும்பாணாற்றுப்படையில் கள் ஆக்க அரிசிக் களியோடு கலக்கும் ‘நல்லடை’க்கு முளையின் அடை என்று உரை சொல்வார்கள். அதையே மீட்கலாமா என்றும் யோசித்தேன். இன்று அடை என்றால் தோசைக்கல்தான் நினைவுக்கு வரும், விட்டுவிட்டேன்.

ஈஸ்ட்டுக்கு இலங்கைப் பாடநூல்களின் ‘மதுவம்’ அழகானது, எடுத்துக்கொள்வோம். 1516-இன் பவாரியச் சட்டம் பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. மதுவத்தை அது குறிப்பிடவில்லை. கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் குளிர்நாட்டுக் கொடி. பெயர் அப்படியே இருக்கட்டும்.

மீதம் வோர்ட், மதுவம் சேர்க்குமுன் உள்ள இனிப்புநீர். கள்ளுக்குப் பதநீர் போல என்று ‘முளைப்பதநீர்’ எழுதிப் பார்த்தேன். ஆனால் பதநீர் சுண்ணாம்பிட்டு நொதிக்காமல் தடுத்தது. இதுவோ நொதிக்கவைக்கவே எடுப்பது. ‘முளைச்சாறு’ பொருந்துமா? பனங்காட்டுப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து