ஜிபிஏ 3.2, ஆனாலும் பெல் கிராண்ட் நின்றது

பெல் கிராண்ட் என்பது அமெரிக்க அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும், திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகை. எனக்கு ஒரு பாடத்தில்கூட ஃபெயில் இல்லை. அதனால் கல்லூரியிலிருந்து 'எஸ்ஏபி சஸ்பென்ஷன்', அதாவது படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லாததால் நிதியுதவி நிறுத்தம் என்று மெயில் வந்தபோது, யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

விஷயம் டிரான்ஸ்கிரிப்டில் இருந்த டபிள்யூ-வில், அதாவது பாதியில் விட்ட பாடத்துக்குப் போடும் குறியில். முதல் வருடம் 30 கிரெடிட் எடுத்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் மூன்று பாடங்களை, 11 கிரெடிட், பாதியில் விட்டேன். டபிள்யூ ஜிபிஏவைத் தொடாது என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அமெரிக்க அரசின் நிதியுதவிக் கணக்கில் அது எடுத்து முடிக்காத பாடம். 30-க்கு 19 என்றால் 63 சதவீதம். எங்கள் கல்லூரியில் 67 வேண்டும். முதலில் வார்னிங் வந்தது. அந்த செமஸ்டர் பணம் வந்துவிட்டதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அம்மாவுக்கு ஆபரேஷன், இன்னும் இரண்டு டபிள்யூ. 45-க்கு 27. கிராண்ட், ஃபெடரல் கடன் இரண்டும் நின்றன.

அப்பீல் கடிதத்தில் இரண்டு பக்கமும் அம்மாவின் நோயைப் பற்றியே எழுதியிருந்தேன். நிதியுதவி அலுவலகத்தில் ஒருவர் படித்துவிட்டு, "நடந்தது புரிகிறது. இப்போது என்ன மாறியிருக்கிறது? அதற்கு ஒரு வரிகூட இல்லையே" என்றார். விதி கேட்பதே அந்த இரண்டையும்தான். திரும்ப எழுதினேன்: அம்மாவைப் பார்த்துக்கொள்ள சித்தி வந்துவிட்டார், என் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டேன், 12 கிரெடிட் மட்டும் எடுக்கிறேன், அத்தனையும் முடித்தால் 57-க்கு 39, 68 சதவீதம். டிஸ்சார்ஜ் சம்மரியும் இணைத்தேன். ஒரு செமஸ்டர் ப்ரொபேஷன், அதாவது நிபந்தனையோடு திரும்ப நிதியுதவி கொடுத்தார்கள். பன்னிரண்டையும் முடித்தேன். பாடத்தை விடுவதாக இருந்தால், விடுவதற்கு முன்பே அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், தயவுசெய்து.

---

அக்கா, அம்மா இப்போது நலம்தானே? எனக்கு இடித்தது இதே விதியின் இன்னொரு பகுதி. பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால், முடித்தது, விட்டது எல்லாம் சேர்த்து எடுத்த மொத்த கிரெடிட் அதன் 150 சதவீதத்தை, அதாவது 180-ஐத் தாண்டக் கூடாது. நான் கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறி வந்தவன். இங்கே ஏற்றுக்கொண்ட கிரெடிட்டும் அதில் சேரும். மேஜரை வேறு மாற்றினேன். 152 ஆகிவிட்டது, இன்னும் 34 வேண்டும். 180 வரை விடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை, அதற்குள் முடிக்க முடியாது என்று கணக்கில் தெரிந்ததுமே நிறுத்திவிட்டார்கள்.

மீதிப் பாடங்களை செமஸ்டர் வாரியாக எழுதி, அட்வைசரிடம் கையெழுத்து வாங்கி அப்பீல் போட்டிருக்கிறேன். பதில் வர இரண்டு வாரம் ஆகுமாம். ஃபீஸ் கட்டக் கடைசி நாள் அதற்கு முன்னால் வருகிறது.